பால் காய்ச்சும் இடங்களில் என் தங்கை

அவள் விற்றது அடுப்பு. உணவகங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் விடுதிகளுக்கும் வேண்டிய பெரிய கேஸ் அடுப்புகள், இட்லி ஸ்டீமர்கள், சாதம் வேகவைக்கும் பாய்லர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் அவளுடைய கடை இருந்தது. கணவர் இறந்தபின் அதைத் தனியாகவே நடத்தினாள். பிள்ளைகள் இல்லை. தெற்கே சிதம்பரம் வரையிலும் மேற்கே பண்ருட்டி வரையிலும் பெரிய சமையற்கட்டு எதற்குள் நுழைந்தாலும் அவள் விற்ற அடுப்பு ஒன்றேனும் எரிந்துகொண்டிருக்கும். அந்த அடுப்புகளில் வெந்த எதையும் பன்னிரண்டு ஆண்டுகள் அவள் வாயில் வைத்ததில்லை.

அவள் என் ஒரே தங்கை. போய் ஏழு மாதம் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அவளுடைய சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத வருகிறது. வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்; இயலவில்லை.

பயணம் புறப்படும் காலையில் காரின் பின்னிருக்கையில் ஒரு துணிப்பை ஏறும். ஊறவைத்த வேர்க்கடலை ஒரு டப்பா, முளைவிட்ட பாசிப்பயறு ஒரு டப்பா, துருவிய தேங்காய் ஒன்று, ஈரத்துணியில் சுற்றிய வெள்ளரிக்காய், கேரட், கொய்யா. உப்பு கிடையாது. ஒரு சின்னக் கத்தியும் ஒரு தட்டும் உண்டு. நண்பகலில் வண்டியை எங்கேனும் நிழலில் நிறுத்தி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக மென்று தின்பாள். நான் அருகில் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய பின்னும் மென்றுகொண்டிருப்பாள். வேகவைத்தால் அடுப்பு செய்யும் வேலையைத் தன் பல் செய்கிறது, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பாள்.

சிதம்பரத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் வாரத்தில் இரண்டு நாள் அவளுடன் பயணம் போகத் தொடங்கினேன். கார் ஓட்டுவதும் விலை பேசுவதும் அவள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து தொலைபேசியில் பேசுவது என் வேலை. அந்த வேலையை எனக்குத் தந்ததற்கு அவள் சொன்ன காரணம், எனக்கு வாத்தியார் குரல், நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்பது.

கேட்க வைக்க வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் புதிய அடுப்பு வந்தால் அதில் முதலில் பால் காய்ச்சுவார்கள். பொங்கிய பாலில் முதல் டம்ளர் சாமிக்கு. இரண்டாவது, அடுப்பைக் கொண்டுவந்தவருக்கு. அதை அவர் குடித்த பிறகே மற்றவர்களுக்கு. ஆகவே அவள் விற்ற ஒவ்வோர் அடுப்பின் முன்னும் ஒரு டம்ளர் சூடான பால் அவளை நோக்கி நீண்டது. ஒவ்வொரு முறையும் அவள் மறுத்தாள்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு திருமண மண்டபம். மூன்று பர்னர் அடுப்பு. மண்டபத்தின் மேலாளர் வயதானவர், நெற்றி நிறைய நீறு. டம்ளரை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் கும்பிட்டு வேண்டாம் என்றாள். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, நீ வித்த அடுப்பு. நீயே வாய் வெக்கலன்னா, இதுல சமைச்சு கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு நான் எப்படிப் போடுறது?"

"ஐயா, அடுப்பப் பத்தி என்ன வேணா கேளுங்க, பதில் சொல்றேன். என் வயித்தப் பத்திக் கேக்காதீங்க."

பின்னால் நின்ற சமையற்காரர் ஒருவர், ஊசி போடுற டாக்டரு தனக்கே போட்டுக்கறாரா, வுடுங்க என்றார். சிரிப்பு எழுந்தது. மேலாளர் சிரிக்கவில்லை. பேசிவைத்திருந்த இரண்டாவது அடுப்பை அவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார் என்று பின்னர் அறிந்தோம். "பால் குடிக்கிறவன்கிட்ட வாங்கியிருப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.

இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போனது. மாத்திரைகள் கூடிக்கொண்டே வந்தன. ஊசி பற்றிய பேச்சு எழுந்தது. அப்போது ஓர் இயற்கை உணவு முகாமுக்கு மூன்று நாள் போய்வந்தவள், திரும்பிய அன்றே வீட்டுச் சமையலறையை மூடினாள். நான் அறிவியல் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஓராண்டில் பதினாறு கிலோ எடை குறைந்தது; மாத்திரைகள் குறைந்தன; பின் மருத்துவரே அவற்றை நிறுத்தினார். எடை குறைந்ததுதான் காரணம் என்றார் அவர். நானும் அப்படியே நினைத்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். உயிரைத் திருப்பித் தந்தது எது என்று அவளுக்கு ஐயமே இருந்ததில்லை.

அதன்பின் அவளுடைய கறார்த்தனம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குரியதாக ஆயிற்று. அவல் பச்சையா என்று நெல் அரைவை ஆலை வைத்திருப்பவரிடம் போய் விசாரித்தாள். நெல்லை ஊறவைத்து வறுத்தே இடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டாள். பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி, தன் ஆலைக் கேன்டீனுக்குப் பாய்லர் வாங்கிய மகிழ்ச்சியில், உயர்ந்த ரகப் பருப்பு ஒரு தட்டு நிறைய வைத்து, நீங்க சாப்புடுற மாதிரியே பச்சப் பருப்பும்மா என்றார். அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கொட்டையை ஆவியில் அவிச்சுத்தானே உடைக்கிறீங்க என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். தோல் உரிக்கச் சூட்டறையில் வைப்பீர்கள் அல்லவா என்றாள். அதற்கும் ஆமாம். "அப்ப ரெண்டு தடவ வெந்துருக்கு" என்று தட்டில் திருப்பி வைத்தாள். பரம்பரையாக முந்திரி விற்கும் அந்த மனிதர் தன் சரக்கைத் தானே முதன்முறையாகப் பார்ப்பவர்போல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில், அடுப்புத் தயாரிப்பாளர் ஒருவர் தம் முகவர்களுக்குக் கொடுத்த விருந்து ஒன்று நினைவிருக்கிறது. நட்சத்திர ஓட்டல். நாற்பது வகை உணவு. அவளுக்கு உண்ணத்தக்கது ஒன்றுமில்லை. சாலட்டில்கூட ஏதோ சாறு ஊற்றிக் கலந்திருந்தார்கள். அவள் தட்டுடன் மேசை மேசையாக ஒருமுறை சுற்றினாள். பிறகு நடுவில் அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்த, கேரட்டிலும் முள்ளங்கியிலும் செதுக்கிய பூச்செடியருகே நின்று, பூப்பூவாகப் பறித்துத் தின்னத் தொடங்கினாள். தலைமைச் சமையற்காரரே வந்துவிட்டார். அவள் அவரிடம், இங்க இருக்கறதுலயே இதான் நல்லாருக்கு தம்பி என்றாள். அவர் உள்ளே போய் நறுக்காத காய்கறி ஒரு கூடை கொண்டுவந்து அவள் முன் வைத்தார். அந்த இரவில் மிக நன்றாக உண்டவள் அவள்தான்.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. என் மனைவி இறந்த பதினாறாம் நாள். படையல் போட்டு, உறவினர்கள் பந்தியில் அமர்ந்தோம். என் தங்கை இலை முன் அமர்ந்தாள். பரிமாற வந்தவர்களைக் கையமர்த்தினாள். தன் டப்பாவைத் திறந்து ஊறிய வேர்க்கடலையை அந்த வெறும் இலையில் கொட்டிக்கொண்டாள். இறந்தவளுக்காகச் சமைத்த சோற்றில் ஒரு பருக்கையும் அவள் தொடவில்லை. என் பெரியப்பா மகன், எழவு வூட்லயுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து இலையில் விழுந்தது, அதையும் துடைக்கவில்லை. எனக்கு அவள்மேல் இரண்டு மாதம் கோபம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு மாதமும் பயணத்துக்கு என்னை அழைக்காமலே இருந்துவிட்டு, ஒருநாள் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள்.

காலம் போகப் போக ஊர்கள் அவளுக்கு இணங்கின. அதில் என் பங்கும் இருந்தது. பால் காய்ச்சும் நாளுக்கு முன்னதாகவே நான் தொலைபேசியில் அழைத்து, தங்கை வேகவைத்தது எதுவும் எடுத்துக்கொள்வதில்லை, பாலுக்குப் பதிலாகப் பழமோ இளநீரோ கொடுத்தால் மனமாரப் பெற்றுக்கொள்வாள் என்று சொல்லிவிடுவேன். என் வாத்தியார் குரல் வேலை செய்தது. முதலில் தயங்கியவர்கள் பின்னர் அதில் ஒரு பெருமையும் கண்டார்கள். அடுப்புக்காரம்மா வருகிறார் என்றால் மணம்பூண்டியிலிருந்து கொய்யா, கிள்ளைப் பக்கத்துத் தோப்பிலிருந்து இளநீர் என்று தேடி வாங்கி வைப்பார்கள். இரண்டாவது டம்ளரின் இடத்தை இளநீர் பிடித்தது.

அவர்களுள் சிதம்பரம் தெற்கு வீதிக்கு அருகில் மெஸ் நடத்திய தம்பதி முதன்மையானவர்கள். அந்தம்மாளுக்கும் சர்க்கரை நோய். என் தங்கையைப் பார்த்துக் காலை உணவை மட்டும் பச்சையாக மாற்றிக்கொண்டார். நோய் சற்று அடங்கியது. அன்று முதல் என் தங்கை அந்த வீட்டுக்குத் தெய்வம். மெஸ்காரருக்கோ அது கேலிப் பொருள். "எங்க வூட்ல ரெண்டு மாடு மேயுது சார், ஒண்ணு கடலூர்லேர்ந்து வந்து மேயுது" என்பார். அந்தம்மாள், இந்த மாடு மேயலன்னா ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போட ஆள் இருந்துருக்காது என்று உள்ளிருந்தே பதில் தருவார்.

சென்ற ஆண்டு என் தங்கையின் கால்கள் வீங்கின. பழைய சர்க்கரை நோயும், யாரும் அளந்து பார்க்காத இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாகச் சத்தமின்றி வேலை செய்திருந்தன. சிறுநீரகங்கள் பெரும்பகுதி போய்விட்டன என்றார் மருத்துவர். அமைதியான இளம் பெண் அவர். தாளை எடுத்து இனி உண்ணக்கூடாதவற்றை எழுதினார்: தேங்காய், இளநீர், வேர்க்கடலை, பயறு, கொய்யா, ஆரஞ்சு, பச்சைக் காய்கறி. அவற்றிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு வலுவில்லை. அது இரத்தத்தில் தேங்கினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். காய்கறியை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மீண்டும் நீர் விட்டு நன்றாக வேகவைத்து, அதையும் வடித்துவிட்டே உண்ண வேண்டும். என் தங்கை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். அது அவளுடைய துணிப்பையின் பட்டியல்.

வீட்டில்தான் போராட்டம் நடக்கும் என்று எதிர்பார்த்துக் கடலூரில் அவள் வீட்டிலேயே தங்கினேன். அவளுடைய கடையிலிருந்து சிறிய அடுப்பொன்றைக் கொண்டுவந்து, மூடிக்கிடந்த சமையலறையில் வைத்தேன். அதில் பால் காய்ச்சவில்லை. காயைத் தோல் சீவி, நறுக்கி, ஊறவைத்து, கொட்டி, வேகவைத்து, வடித்தேன். அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள். சத்தையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டுச் சக்கைய எனக்குத் தர்ற என்றாள். ஆனால் உட்கார்ந்து தின்றாள். அன்று மட்டுமன்று, நாள்தோறும் தின்றாள். முகம் சுளிக்காமல், என் முன்னிலையிலும் நான் இல்லாதபோதும் தின்றாள். நான் அஞ்சிய போராட்டம் நடக்கவேயில்லை. பன்னிரண்டு ஆண்டு விரும்பிக் காத்த ஒழுக்கத்தை அவள் ஒரே நாளில் கீழே வைத்தாள். உயிர்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வீட்டில் காத்த கட்டுப்பாட்டை இழந்தது பயணத்தில். போகாமல் இருக்கச் சொன்னேன். போகாவிட்டால் கடை இல்லை என்றாள்; அது உண்மை. போன இடமெல்லாம் அவளுக்காக இளநீர் சீவி வைத்திருந்தார்கள். பாலை மறுத்துப் பழகிய கை அதை மறுக்கவில்லை. ஒரு வாய் குடித்து வைத்துவிடுகிறேன் என்பாள், எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பாள், முழுதும் குடித்துவிடுவாள். ஆலப்பாக்கத்தைத் தாண்டி வரும்போது ஒருநாள் காரை ஓரம் கட்டச் சொல்லி, நோயைச் சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம், நானே சொல்கிறேன் என்றேன்.

"சொல்லாதண்ணே. பச்சையா தின்னுதான் கெட்டுப்போச்சுன்னு பேசுவாங்க."

"அது உண்மை இல்லையே."

"இல்லன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவுங்களுக்கு யாரு தெரிய வெப்பா? மெஸ்காரம்மா மறுநாளே எல்லாத்தையும் வுட்டுடும். அதுக்கு இப்பத்தான் சக்கர எறங்கிருக்கு." ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். "அவ்ளோ வருஷம் அவுங்க பாலத் தட்டிவுட்டேன். அப்புறமும் எனக்குன்னு தேடி வாங்கி வெக்கிறாங்க. இதையும் எப்படிண்ணே தட்டிவுடறது?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுடைய உணவு சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை என்பதை நான் அறிவேன். கெட்ட சிறுநீரகத்துக்கு அதே உணவு நஞ்சு என்பதையும் அறிவேன். இவ்விரண்டையும் ஒரு சமையற்கட்டின் வாசலில் நின்று விளக்குவதற்கான சொற்கள், வாழ்நாளெல்லாம் விளக்கியே வாழ்ந்த என்னிடம் இல்லை.

ஆகவே தொலைபேசியை எடுத்தேன். தங்கைக்கு இனிப் பழமோ இளநீரோ வேண்டாம், சிரமப்பட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அதை உபசாரமாகவே எடுத்துக்கொண்டார்கள். இதுல என்ன சார் சிரமம் என்று முன்னைவிடக் கூடுதலாக வைத்தார்கள். மெஸ்காரர் புதிய இட்லி ஸ்டீமர் வாங்கியபோது, பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்பு அழைத்து, வேறு வழி தோன்றாமல் ஒரு பொய் சொன்னேன். தங்கை விரதம் இருக்கிறாள், எதுவும் உட்கொள்ள மாட்டாள் என்றேன். அப்படியா சார் என்று மரியாதையுடன் வைத்துவிட்டார். நான் நிம்மதியாக உணர்ந்தேன்.

கோயிலுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. விரதம் இருந்ததும் இல்லை. என் மனைவி விரதம் இருப்பாள். அந்த நாள்களில் அவள் என்ன உண்டாள் என்று நான் கவனித்ததில்லை.

மெஸ்ஸில் பால் காய்ச்சிய பயணத்துக்குப் பதினோராம் நாள் காலையில் என் தங்கை இறந்தாள். நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரித்தவள், அப்படியே. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். எதனால் என்று கேட்டேன். கேக்காதீங்க சார், அதுக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது என்றார். நானும் அறிந்ததுதான். ஓர் இளநீர் ஒருவரைக் கொல்லாது. எத்தனையாவது கொல்லும் என்பதை எவரும் சொல்ல முடியாது.

தெற்கு வீதியில் பால் காய்ச்சிய அன்று காலை பத்து மணி இருக்கும். ஸ்டீமருக்குப் பொட்டிட்டுப் பூ வைத்திருந்தார்கள். பக்கத்து அடுப்பில் பால் பொங்கியது. முதல் டம்ளர் சாமி படத்தின் முன் வைக்கப்பட்டது. மெஸ்காரர் இரண்டாவது டம்ளரை ஊற்றவில்லை; வழக்கமான கேலியும் இல்லை; கைகட்டி ஒதுங்கி நின்றார். நான் சொன்னது பலித்துவிட்டது என்றே எண்ணினேன். அப்போது அந்தம்மாள் குளித்த ஈரத்தலையுடன் உள்ளிருந்து வந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு சீவிய இளநீர்.

"விரதம்னு சார் சொன்னாரும்மா. நானும் இன்னிக்கு ஒங்களோட இருக்கேன், காலையிலேர்ந்து தண்ணி கூடப் படல. விரதத்துல எளநீ குடிக்கலாம், தோஷம் இல்ல. நீங்க குடிச்சாத்தான் நான் குடிப்பேன்."

என் தங்கை என் பக்கம் திரும்பினாள். விரதம் என்ற சொல்லை அவள் அப்போதுதான் கேள்விப்படுகிறாள். ஒரு நொடியில் எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது: நான் சொன்ன பொய், சொன்ன காரணம், அது வந்து நின்ற இடம். அவள் இல்லை என்று சொன்னால் அந்த வீட்டின் முன் பொய்யனாக நிற்பவன் நான். நான் வாய் திறந்தேன். விரதம் எதுவும் இல்லை என்று தொடங்கினால் போதும். மூன்று சொற்கள். அந்தம்மாளின் ஈரத்தலையைப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா, விரதந்தான்" என்றாள் என் தங்கை. இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நான் கை நீட்டி, எனக்குத் தாகமாக இருக்கிறது, அதை என்னிடம் கொடு என்றேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"ஐயோ, ஒங்களுக்கும் ஒண்ணு வெட்டி வெச்சுருக்கேன் சார்" என்று அந்தம்மாள் மற்றதை என் கையில் வைத்தார்.

என் தங்கை குடித்தாள். நானும் குடித்தேன்.